வண்டிக்குள் ஓர் உள்ளிருப்பு

வாருங்கள் தம்பி, ஓசூரிலிருந்து வண்டி பார்க்க வருவதாகப் போனில் சொன்னவர் நீங்கள்தானே? இதுதான் வண்டி. இந்த மலையடிவாரத்தில் வேறு வண்டியே கிடையாது, ஆகவே தப்பான வண்டியைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். உரிமையாளர் அதோ அந்தப் பாறையில் இருக்கிறார். அங்கே இல்லை, இன்னும் மேலே. சிவப்பாக ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான். என் மகள், ஜென்னி. இறங்கி வர நேரமாகும். அதுவரை வண்டியைக் காட்டும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். விசித்திரமான நிர்வாகம், தம்பி. வாங்குகிற ஆள் வருகிறார் என்று தெரிந்தால் போதும், அவள் பாறைமேல் ஏறிவிடுவாள். போன தடவையும் அப்படித்தான், அதற்கு முந்தைய தடவையும் அப்படித்தான். விற்க வேண்டும் என்ற அக்கறை துளியாவது இருந்தால் இப்படிச் செய்வாளா?

உட்காருங்கள். அந்த மடக்கு நாற்காலி வேண்டாம், ஆளைக் கவிழ்த்துவிடும். இந்தக் கல்லில் உட்காருங்கள். நான் இறங்கி வந்து கைகொடுக்கவில்லையே என்று நினைக்காதீர்கள். இறங்குவதில்லை என்பது கொள்கை. நான் இந்த வண்டிக்குள் உள்ளிருப்புப் போராட்டத்தில் இருக்கிறேன். குளிக்க இறங்குவேன், டீக்கு இறங்குவேன், சாயங்காலம் காலாற நடக்க இறங்குவேன். அவையெல்லாம் விதிவிலக்கு. மற்றபடி உள்ளிருப்புதான்.

பெயர் வையாபுரி. திருச்செங்கோட்டில் தோழர் வையாபுரி என்று கேட்டுப் பாருங்கள், பட்டறை முதலாளிகளுக்கு இன்றைக்கும் தண்ணீர் தாகம் எடுக்கும். லாரி என்பது கம்பெனியிலிருந்து வெறும் எலும்புக்கூடாகத்தான் வரும் தம்பி, சேஸி என்பார்கள். அதற்கு உடம்பு கட்டுவது எங்கள் ஊர். அந்த உடம்பைக் கட்டியவர்களுக்குச் சங்கம் கட்டியவன் நான். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? எச்.ஆரா? அடடா! அந்தக் காலத்தில் பர்சனல் ஆபீசர் என்பார்கள். அப்படியானால் நாம் நெருங்கிய சொந்தம். உங்கள் இனத்தவர் எத்தனையோ பேருக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் உங்களைப் போலவே இதே மாதிரிதான் சிரிப்பார்கள். நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஜென்னி என்றதும் கிறிஸ்தவர்களா என்று கேட்க வாயெடுத்தீர்கள், கவனித்தேன். இல்லை. மார்க்சின் மனைவி பெயர். அந்தப் பெயரை வைத்தால் பெண் எந்தக் கஷ்டத்தையும் தாங்குவாள் என்று எண்ணினேன். நகக்கண்ணில் ரத்தம் கசியப் பாறையைப் பிடித்துத் தொங்குவாள் என்று எண்ணவில்லை. கஷ்டம் என்று ஒன்று தானாக வரும், அதை எதிர்த்துப் போராடலாம். இவர்கள் கஷ்டத்தைத் தேடி டீசல் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

சரி, வண்டி. வெளியிலிருந்தே பாருங்கள். முன்னால் பிக்கப் வண்டி, பின்னால் ஒரு தகர வீடு. இது என்ன என்று இதுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்தோம். ஒருவர் தட்டோடு வந்து சன்னலுக்கு வெளியே நின்றார். "ரெண்டு புரோட்டா, சால்னா தனியா" என்றார். இன்னோர் ஊரில் ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் சட்டையைக் கழற்றி, ஊசி போடச் சொல்லி நின்றாள். நான் தடுப்பூசியின் அரசியலை விளக்க ஆரம்பித்ததும் குழந்தை ஊசி போட்ட மாதிரியே அழுதது. தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் வந்து எங்கள் வேட்பாளர் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில். அதுதான் நம் ஜனநாயகம்.

ஆனால் உள்ளே ஏறினால் எல்லாருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் புரியும். முகர்ந்து பாருங்கள். கோழித் தீவனம். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிய வண்டியை வாங்கித்தான் என் மகள் இந்த அரண்மனையைக் கட்டினாள். சேஸியைக் கழுவினார்கள், சுரண்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள். மழை பெய்தால் போதும், பத்தாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கும். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா? இரண்டா? பாவம்.

இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவருக்கு வரலாறு தெரிய வேண்டும்.

ஜென்னி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். சனிக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு பாறை. என் துணைவியார் காலமான பிறகு ஒரு நாள் ஊருக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, வேலைய விட்டுட்டேன். ஒரு வண்டி வாங்கிருக்கேன். அர்த்தனாரி அண்ணன் பட்டறைல பாடி கட்டப் போறேன். வருசத்துல பாதி நாளு பாறை எங்க இருக்குதோ அங்கதான்."

அப்படியானால் இந்த வீட்டின் கதி என்ன என்று நான் ஒரு கேள்வியை எழுப்பினேன். வீட்டின் கதி, தம்பி. என் கதி அல்ல. தனிமனிதப் பிரச்சினைகளை நான் எந்த மேடையிலும் எழுப்புவதில்லை.

"நீங்களும் வாங்கப்பா" என்றாள்.

"உல்லாசப் பயணம் போகும் வர்க்கத்தில் நான் பிறக்கவில்லை" என்று சொன்னேன்.

"தெரியும்ப்பா, நீங்க கொக்கராயன்பேட்டைல பொறந்தீங்க" என்றாள். வாய் அவள் அம்மாவைக் கொண்டது.

அன்று இரவே துண்டறிக்கை எழுதி முடித்துவிட்டேன். நான் துண்டறிக்கையில் படித்து ஆளானவன் தம்பி. எங்கள் காலத்தில் பெரிய பெரிய தடிப் புத்தகங்களைப் படித்த தோழர்களும் இருந்தார்கள். ஒருவரும் கடைசிப் பக்கத்துக்கு வந்ததில்லை. நான் படித்தவை எல்லாம் பின் அடித்த சிறு வெளியீடுகள். உபரி மதிப்பு முப்பத்திரண்டு பக்கம், ஏகாதிபத்தியம் இருபத்துநாலு பக்கம், குடும்பம் பதினாறு பக்கம். பஸ்ஸில் ஏறி சங்ககிரி போய்ச் சேர்வதற்குள் ஒரு பிரச்சினை தீர்ந்துவிடும். அந்த முறையிலேயே நானும் எழுதினேன். தலைப்பு, 'பாறை யாருக்கு? பட்டறை யாருக்கு?' அச்சடித்து, பட்டறை வாசலில் நின்று, ஒவ்வொரு தொழிலாளி கையிலும் கொடுத்தேன். டிங்கர் செங்கோடன் இருக்கிறானே, தகர வேலையில் கெட்டிக்காரன், என் சங்கத்தில் வளர்ந்தவன், அவன் துண்டறிக்கையை வாங்கி அதில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்தான்.

"படிச்சிட்டியா செங்கோடா?"

"வடையத் தின்னுட்டுப் படிக்கறனுங்க தோழர்."

என்ன நடந்தது என்றால் தம்பி, அவர்கள் வேலை முடிந்த பிறகும் நின்று என் மகளின் வண்டிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டினார்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பட்டறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அங்கே சுரண்டல் நடக்கிறது என்று பொருள். நேரே உள்ளே போனேன். முதலாளி அர்த்தனாரி எழுந்து நின்று, "வாங்க தோழர், காப்பி சொல்லட்டுங்களா?" என்றான். இவன் அப்பாவுக்கு எதிராகத்தான் நான் முதல் கொடியை நட்டேன். மகன் காப்பி சொல்கிறான். எதிரி மரியாதை கொடுப்பதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் கிடையாது. காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, தொழிலாளர்களைக் கூட்டினேன்.

"தோழர்களே, வேலை நேரம் முடிந்த பிறகு யாருக்காக உழைக்கிறீர்கள்?"

"நம்ம ஜென்னிப் பாப்பாவுக்குத்தாங்க."

"கூலி?"

"ஓவர்டைமுங்க. டபுளு."

இது நான் எதிர்பார்க்காத பதில். ஆனால் அனுபவஸ்தன் தடுமாறக் கூடாது. டபுள் கூலி தருகிறார்கள் என்றால் ஆபத்தும் டபுள் என்று சொன்னேன். அப்போது செங்கோடன் தலையைச் சொறிந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க தோழர். வயசுக்கு வந்ததுலருந்து ஒரே மாதிரி டப்பா. கட்டுனது பூராம் மணல் அள்ளப் போகுது, மாடு ஏத்தப் போகுது. இதுலதானுங்க சன்னலு, அலமாரி, மடிக்கற மேசைன்னு... நேத்து வீட்டுக்குப் போயி என்ற பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், அவ சிரிச்சுட்டா."

சுரண்டப்படுகிறவனே அதில் மகிழ்வதற்குப் பொய் உணர்வு என்று பெயர். பன்னிரண்டு பக்க வெளியீடு ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன். வேலை நிறுத்தம் என்று அறிவித்தேன். கோஷம் போட்டேன். பதில் கோஷம் வரவில்லை. பெயிண்டர் ஒருவன் மட்டும் பழக்க தோஷத்தில் 'வாழ்க' என்றான். யார் வாழ்க என்று அவனுக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, மரியாதையாக வேலைக்குத் திரும்பினார்கள்.

அப்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். சேஸிமேல் தரைப் பலகை அடித்திருந்தார்கள். ஏறி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளிருப்புப் போராட்டம். தூக்கி வெளியே போடுவார்கள், போலீஸ் வரும், பத்திரிகையில் வரும் என்று கணக்குப் போட்டேன். எவனும் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செங்கோடன் வந்தான்.

"தோழர், காலக் கொஞ்சம் மடக்கிக்கறீங்களா? இந்தப் பக்கம் இரும்பு ஆங்கிள் நிறுத்தணும்."

மடக்கிக்கொண்டேன். ஆங்கிள் நின்றது. மறுநாள் அந்தப் பக்கம் நின்றது. என்னைச் சுற்றிச் சுவர் எழும்பியது தம்பி. ரிவெட் அடிக்கிற சத்தம் மண்டைக்குள் இறங்கும். நான் அசையவில்லை. அவர்களும் என்னை அசைக்கவில்லை. போதாக்குறைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என்னையே அளக்க ஆரம்பித்தார்கள்.

"நிமுந்து உக்காருங்க தோழர். தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு விடறதுன்னு பாக்கணும்."

"கொஞ்சம் படுத்துக் காட்டுங்க தோழர்."

"கைய நீட்டுங்க. வலது கை ஏறாதுங்களா? செரி, எடது கை."

தொழிலாளர்களோடு ஒத்துழைப்பது என் சுபாவம் என்பதால் படுத்தும் காட்டினேன். வேறு யாரும் கையருகில் இல்லாததால்தான் என்னை அளந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்குச் சோம்பல் அதிகம்.

சாயங்காலம் ஜென்னி டிபன் கேரியரோடு வந்து பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தாள்.

"சரிப்பா. கோரிக்கைய சொல்லுங்க."

"பிரதானக் கோரிக்கை, வண்டி கூடாது."

"அது முடியாது. அடுத்தது?"

"படி உயரமாக இருக்கிறது. முழங்கால் தேய்ந்த ஒரு தொழிலாளி இதில் எப்படி ஏறுவான்?"

"எந்தத் தொழிலாளி?"

"பொதுவாகச் சொல்கிறேன்."

"செங்கோடண்ணா, கீழ இன்னொரு படி வைங்கண்ணா. அடுத்ததுப்பா?"

வெளிச்சம் போதாது, படிக்கிறவர்கள் கண் என்ன ஆவது என்றேன். தலைமாட்டில் விளக்கு வந்தது. வயதானவர்கள் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பார்கள், அவர்கள் காட்டுக்குப் போவார்களா என்றேன். மூலையில் ஒரு கழிப்பறை வந்தது. சிறு வெளியீடுகள் வைக்க இடமில்லாத வண்டி அறிவில்லாத வண்டி என்றேன். கைக்கு எட்டுகிற உயரத்தில் குறுகலாக ஒரு அலமாரி வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி ஒரு சாய்வு இருக்கை, இதோ நான் உட்கார்ந்திருக்கிறேனே, இதுகூட அந்தப் போராட்டத்தில் பெற்றதுதான். ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டாள். வாழ்க்கையில் இத்தனை பலவீனமான ஒரு நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. பிரதானக் கோரிக்கை மட்டும் நிலுவையில் நின்றது. ஆகவே நான் இறங்கவில்லை.

வண்டி பட்டறையை விட்டு இறங்குகிற நாளில் எங்கள் ஊரில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புது பாடிக்குள் முதலில் சாமி படம்தான் ஏற வேண்டும், அதற்கு முன்னால் மனிதன் உள்ளே உட்காரக் கூடாது. அர்த்தனாரி பதறிப்போனான். "தோழர், அஞ்சே நிமிசம் எறங்குங்க, படத்த வச்சிட்டு மறுபடியும் ஏறிக்கங்க" என்றான். மூடநம்பிக்கைக்காகப் போராட்டத்தை ஒத்திவைத்த வரலாறு எனக்குக் கிடையாது. மறுத்துவிட்டேன். பூஜைக்கு வந்தவர் என்ன செய்வார்? படம் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன். கற்பூரத்தை ஏற்றி எனக்கே காட்டிவிட்டார். தொழிலாளர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாற்பது வருடம் நாத்திகம் பேசியவனுக்குத் தீபாராதனை! செங்கோடன் என் நெற்றியைப் பார்த்து விபூதியோடு நெருங்கினான். என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினான்.

பூசணிக்காய் உடைந்தது. ஜென்னி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, எறங்கறீங்களா?"

"மாட்டேன்."

"நெசமாவா?"

"போராட்டம் தொடரும்."

"செரி, அந்தக் கதவச் சாத்திக்கங்க."

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். சங்ககிரி போனது. ஓமலூர் போனது. தொப்பூரில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கிளம்பினாள். மாற்று வேட்டி இல்லையே என்று கோபமாகச் சொன்னேன். தலைக்கு மேலே இருக்கிற பெட்டியைத் திறக்கச் சொன்னாள். என் வேட்டி, சட்டை, பிரஷர் மாத்திரை எல்லாம் மடித்து வைத்திருந்தது. எடுத்து வைத்தவர் யார் என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. பட்டறையில் எவனாவது வைத்திருப்பான்.

அப்படித்தான் பாதாமி போய்ச் சேர்ந்தேன். கர்நாடகத்தில் இருக்கிறது, செம்பாறை ஊர். அங்கே ஒரு பத்துப் பதினைந்து பேர் வேலைவெட்டி இல்லாமல், இல்லை இல்லை, நல்ல வேலைவெட்டியை விட்டுவிட்டு, விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு திரிகிறார்கள். என்னைக் காம்ரேட் அங்கிள் என்றார்கள். காம்ரேட் என்றால் அங்கிள் ஆக முடியாது, அங்கிள் என்றால் காம்ரேட் ஆக முடியாது, ஒன்றை முடிவு செய்யுங்கள் என்றேன். கைதட்டினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இந்த இருக்கையில் உட்கார்ந்து ஏகாதிபத்தியம் பற்றிப் பேசுவேன், அவர்கள் கீழே உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கேட்பார்கள். திருச்செங்கோட்டில் கடைசியாக நான் பேசிய பொதுக்கூட்டத்தில் மைக்செட்காரர் மட்டும்தான் இருந்தார், அவரும் மைக்குக்காக. ஆகவே கூட்டம் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. வர்க்கம் என்ற அளவில் குறை உண்டு.

அங்கேதான் அந்தச் சம்பவமும் நடந்தது. ஏறுகிறவள் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்து நிற்க வேண்டும். மேலே கை வழுக்கினால் கீழே நிற்பவர்தான் எல்லாம். அவளுக்குக் கயிறு பிடிக்கிற சிநேகிதிக்குக் காய்ச்சல். ஜென்னி என்னைப் பார்த்தாள். கருங்காலி வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் தம்பி, எந்தப் பொது வேலை நிறுத்தத்திலும் பால், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் இவற்றுக்கு விலக்கு உண்டு. அத்தியாவசியச் சேவை. அந்த விதியின்கீழ் இறங்கினேன். கயிறு தானே இறுகிக்கொள்ள ஒரு பூட்டு இருக்கிறது, அதை என் இடுப்பில் மாட்டி, தரையிலேயே பல நாள் என்னைப் பழக்கிய பிறகுதான் ஏறினாள்.

ஏறினாள், ஏறினாள், கடைசியில் கை விட்டுப்போனது. ஒரு சத்தம். என்னைத் தரையிலிருந்து பிய்த்துத் தூக்கிப் பாறைமேல் மோத அடித்தது கயிறு. அவள் அந்தரத்தில், நான் அந்தரத்தில். செருப்பு ஒன்று கீழே விழுந்தது எனக்குக் கேட்டது.

"அப்பா! விட்டுடாதீங்கப்பா!"

விடுவதா? லத்தி அடியில் தோள்பட்டை இறங்கியபோதுகூடக் கொடிக்கம்பத்தை விடாத கை இது. அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தரையில் விட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. என் முட்டியில் ரத்தம். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் மறுபடியும் கைதட்டினார்கள். கைதட்ட வேறு காரணமே கிடைக்காது போல. அதன் பிறகு கஷ்டமான பாறை என்று வந்தால் "அப்பா புடிக்கட்டும்" என்பாள். ஆள் பற்றாக்குறை, வேறென்ன?

இன்றைக்குப் பிடிப்பது அந்தச் சிநேகிதிதான். பாருங்கள் அவளை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாருடனோ பேசுகிறாள். ஏம்மா! மேலே பாரும்மா! சிரிக்கிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி, எங்கே விட்டேன்?

ஆம், விற்பனை. உள்ளிருப்பில் தினமும் காலையில் கண்டன அறிக்கை வாசிப்பது வழக்கம். உப்புமாவில் கடுகு வெடிக்கிற நேரத்தில் நான் ஆரம்பிப்பேன். வண்டியின் குறைகள், நிர்வாகத்தின் பிடிவாதம், வீட்டை விட்டு அலையும் வாழ்க்கையின் இழிவு. ஒரு நாள் விட்டதில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை, தீவன நாற்றம் தூக்கலாக அடிக்கிறது, நான் பிரதானக் கோரிக்கைக்கு வந்திருந்தேன். ஜென்னி அடுப்பை அணைத்தாள்.

"சரிப்பா. வித்துடறேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"என்ன?"

"பெங்களூர்ல ஒரு கட்டடத்துக்குள்ள செவுத்துல கல்லு ஒட்டி ஏறக் கத்துக்குடுக்கறாங்க. அங்க வேல இருக்கு. நான் அங்க ரூம் எடுத்துக்கறேன். நீங்க நிம்மதியா நம்ம வீட்ல இருங்க."

சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். திருச்செங்கோட்டு வீட்டுச் சாவி. வெறும் சாவி, தம்பி, என்ன எடை இருந்துவிடப் போகிறது அதற்கு?

உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, நீங்கள் எச்.ஆர்., புரிந்துகொள்வீர்கள். என் வாழ்நாளில் நான் நடத்திய எந்தப் போராட்டமும் முழு வெற்றி பெற்றதில்லை. இடைக்கால நிவாரணம் கிடைத்திருக்கிறது. பேச்சுவார்த்தை தொடரும் என்ற வாசகம் கிடைத்திருக்கிறது. நான் சிறையில் இருக்கும்போது எனக்கு மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் கிடைத்திருக்கின்றன. முழு வெற்றி என்று ஒன்று வந்தால் அதை எப்படி அறிவிப்பது, அறிவித்த பிறகு எங்கே போவது என்பது பற்றி எந்த வெளியீட்டிலும் ஒரு பக்கம்கூட இல்லை. நிர்வாகம் இப்படி மொத்தமாக இறங்கி வந்தால் அதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பொருள். ஆகவே வெற்றியை இன்னும் ஏற்கவில்லை. பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசியிலிருந்து பரிசீலனையில் இருக்கிறது.

அதற்காக விற்பனைக்கு நான் குறுக்கே நிற்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் கோரிக்கையே அதுதானே. வாருங்கள், ஏறிப் பாருங்கள். தலை! இடித்துக்கொண்டீர்களா? எல்லாருக்கும் இடிக்கும். எனக்கு மட்டும்தான் இடிப்பதில்லை. படுத்துப் பாருங்கள். பார்த்தீர்களா, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. என் அளவுக்கு மட்டும் அச்செடுத்த மாதிரி இருக்கிறது. பொதுவாகப் பயன்பட வேண்டிய ஒரு வண்டியை ஒரே ஒரு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், அத்தனை மோசமான வேலை. அந்தக் கைப்பிடியை ஏன் இடது பக்கம் வைத்தார்கள் என்று கேட்கிறீர்கள். எனக்கு வலது தோள் எழாது, ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தற்செயல். இந்த மாதிரித் தற்செயல்கள் இந்த வண்டியில் நிறைய இருக்கின்றன. உங்கள் மனைவிக்கு இந்த உயரத்தில் அலமாரி இருந்தால் முதுகு போய்விடும். உங்களுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி வந்தார்கள், இங்கே நின்றபடியே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சமையல் யார் செய்வீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் வந்தார், உபரி மதிப்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார், பிறகு அவசர கேஸ் என்று போய்விட்டார்.

இருங்கள், ஜென்னி கூப்பிடுகிறாள்.

"அப்பாவ்! வந்தவரு என்ன சொல்றாருப்பா?"

வேண்டாங்கறாரும்மா! புடிக்கலையாம்!

கேட்டதா உங்களுக்கு? சிரிக்கிறாள். வியாபாரம் கெட்டுப்போனதற்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரிக்கிற முதலாளியை நீங்கள் எந்தக் கம்பெனியிலாவது பார்த்திருக்கிறீர்களா? இப்போது என்ன கத்துகிறாள்? நாளைக்கு ஹம்பி கிளம்பலாமா என்று கேட்கிறாள். பார்த்தீர்களா என் நிலைமையை! நீங்கள் வாங்காமல் போனதால் நான் ஹம்பிக்கு இழுத்துச் செல்லப்படுகிறேன். செரீம்மா! அரிசி தீந்து போச்சு, வாங்கிக்கிட்டுப் போலாம்!

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? வேண்டும், வேண்டாம் என்று நான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்கிறீர்களா? உண்மைதான், திறக்கவில்லை. ஆனால் வாய் திறக்காதவர்கள் சார்பில் பேசுவதுதான் வாழ்நாள் முழுவதும் என் தொழில். ஆயிரக்கணக்கான பேர் சார்பில் பேசியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.